நாற்பத்திரண்டு நிமிடம் நாற்பது வினாடி

மார்ச் 3, செவ்வாய்

எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் எழுதிய புரோகிராமை இன்று முழுதாகப் படித்தேன். படித்து முடித்ததும் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தேன்.

பொரிப்பகத்தில் இருபத்துநான்கு மெஷின்கள். ஒவ்வொன்றிலும் நாலாயிரத்து எண்ணூறு கோழி முட்டைகள், இருபத்தொரு நாள் சூட்டில். பத்து வினாடிக்கு ஒருமுறை ஒவ்வொரு மெஷினும் தன் சூட்டையும் ஈரப்பதத்தையும் சொல்லும். புரோகிராம் அதை ஒரு வரியாக அந்த மெஷினுக்கான ஃபைலில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த மனிதர் என்ன செய்திருக்கிறார்? ஃபைலைத் திற, ஒரு வரி எழுது, ஃபைலை மூடு. மறுபடி திற, ஒரு வரி, மூடு. இருபத்துநான்கு ஃபைலுக்கும், நாள் முழுக்க, நாலு வருஷமாக. ஒரே ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு போய், பூட்டைத் திறந்து, உள்ளே வைத்து, பூட்டிக்கொண்டு திரும்பி வந்து அடுத்த முட்டையை எடுக்கும் ஆளை யாராவது வேலைக்கு வைத்துக்கொள்வார்களா? தட்டு என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

மாதக் கடைசி அறிக்கை இன்னும் கேவலம். அறுபது லட்சம் வரி. ஒவ்வொரு வரிக்கும் டிஸ்க்கைத் தட்டி எழுப்புகிறது. ஐம்பது நிமிடம் ஓடுகிறது. மேனேஜர் இப்போதுதான் அதை மாற்றச் சொல்லியிருக்கிறார். நாலு வருஷமாக இதை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கத் தெரிந்தவர்கள் இங்கே வேலைக்கு வருவதில்லை போலிருக்கிறது. நான் வந்து இரண்டு மாதம் ஆகிறது.

மார்ச் 5, வியாழன்

அறிக்கையை முடித்துவிட்டேன். ஐம்பது நிமிடம் இப்போது நாற்பது வினாடி.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. எழுத வேண்டியதை நேராக டிஸ்க்குக்கு அனுப்பாமல் நினைவகத்தில் ஒரு தட்டில் சேர்த்து வைப்பது. அந்தத் தட்டுக்குப் பஃபர் என்று பெயர். 8192 எழுத்து பிடிக்கும். நிரம்பினால் மொத்தமாக ஒரே தடவை கொண்டுபோய்க் கொட்டும், காலித் தட்டோடு திரும்பும். கல்லூரியில் இரண்டாம் வருஷத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். முன்னவர் அன்றைக்கு விடுப்பில் இருந்திருப்பார்.

மேனேஜர் வந்து பார்த்துவிட்டு "ஆஹா" என்றார். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஆஹாதான். மின்சாரம் போனாலும் ஆஹா, வந்தாலும் ஆஹா. இருந்தாலும் இன்றைய ஆஹா கொஞ்சம் நீளமாக இருந்தது. இந்த மாதக் கடைசியில் என்னை நிரந்தரம் செய்வதைப் பற்றி முதலாளியிடம் பேசுகிறேன் என்றார்.

மார்ச் 6, வெள்ளி

மெஷின் வரிகளை எழுதும் புரோகிராமையும் இதே போல மாற்றப் போகிறேன். யாரும் கேட்கவில்லை. கேட்க அவர்களுக்கு என்ன தெரியும்?

அதில் ஃபைலை மூடும் இடத்துக்குப் பக்கத்தில் முன்னவர் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்: "இங்கே மூடுவது அவங்களுக்காக. எடுக்காதீங்க."

எவங்களுக்காக? ஃபைலைத் திறந்தே வைத்திருந்தால் யாருக்காவது குளிருமா? வாய்விட்டுச் சிரித்தேன். குறிப்பை அழித்தேன்.

மார்ச் 9, திங்கள்

புதிய புரோகிராம் காலை ஆறு மணியிலிருந்து ஓடுகிறது. டிஸ்க் நாள் முழுக்க நறநறவென்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும், இன்று சத்தமே இல்லை. அறையில் மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்டது.

இன்னொன்றும் செய்தேன். முன்னவரின் வரிகள் ஒன்று நீளம், ஒன்று குட்டை. என்னுடையவை எல்லாம் சரியாக முப்பத்திரண்டு எழுத்து. தேதி, நேரம், மெஷின் எண், சூடு, ஈரம், நடுவில் அளந்து வைத்த இடைவெளி. மேலிருந்து கீழே பார்த்தால் ரூலர் வைத்துக் கோடு போட்ட மாதிரி நிற்கிறது. இதைப் பார்த்து ரசிக்க இந்தக் கட்டடத்தில் ஒரு ஜீவனும் இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

இருக்கிறது ஒரு ஜீவன். ரசிக்க அல்ல, குறை சொல்ல.

தாழ்வாரக் கோடியில் கண்காணிப்பு அறை. அங்கே பகல் முறையில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருப்பார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். எல்லாரும் நோட்டக்கா என்பார்கள். கையில் எப்போதும் ஒரு நீள நோட்டு. அவருக்கு முன்னால் ஒரு திரை, அதில் இருபத்துநான்கு ஃபைல்களின் கடைசி வரிகளும் தெரியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதி, திரையில் இருக்கும் சூட்டையும் ஈரத்தையும் எழுதி, அடுத்த கட்டத்துக்குப் போவார். கம்ப்யூட்டர் எழுதுவதைப் பார்த்துக் கையால் எழுத ஒரு ஆள். இதுவும் ஒரு உத்தியோகம்.

இன்று என் மேசைக்கு வந்து நின்றார். "மேடம், முன்னாடியெல்லாம் எண்ணு ஓடிக்கிட்டே இருக்கும். நேத்திலேர்ந்து மொத்தமா வந்து கொட்டுது, அப்புறம் அப்படியே நிக்குது."

"அது வேகமா வேலை செய்யுதுக்கா" என்றேன்.

"வேகமான்னா ஏன் மேடம் நிக்குது?"

"வேலையை முடிச்சிட்டு நிக்குது. நீங்களும் முடிச்சிட்டு நிக்கலாம்."

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். நோட்டக்காவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

மார்ச் 12, வியாழன்

மறுபடி வந்தார். இந்தத் தடவை நோட்டோடு. ஒரே எண் நாலு கட்டத்தில் வரிசையாக இருப்பதைக் காட்டினார். "இப்படி இருக்காது மேடம். தசமத்துலயாவது ஆடும்."

"சூடு ஆடாம இருந்தா நல்லதுதானேக்கா? மெஷின் ஒழுங்கா இருக்குன்னு அர்த்தம்."

"இல்ல மேடம், ஆடும்" என்றார், எனக்குத் தெரியாத ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோல.

கண் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். அந்தத் தடித்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே போனார்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். என் கணவர் டவுன் பஸ் ஓட்டுகிறார், கம்ப்யூட்டர் என்றால் டிக்கெட் மெஷின் என்று நினைப்பவர். "அந்தம்மா அங்க எத்தனை வருஷமா இருக்காங்க?" என்று கேட்டார். பதினொன்று என்றேன். "ம்" என்றார். அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 14, சனி

மேனேஜர் சொன்னார்: என் நிரந்தர ஆர்டர் டைப் ஆகிவிட்டது, முதலாளி கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஆஹா.

மார்ச் 17, செவ்வாய்

மதியம் இரண்டரைக்கு மேல் தாழ்வாரத்தில் யாரோ ஓடும் சத்தம். நோட்டக்கா. அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. "ஏழு, ஏழு" என்று கத்திக்கொண்டே போனார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஏழாம் நம்பர் மெஷினின் கதவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துத் திறந்திருந்தார். உள்ளேயிருந்து வந்த சூடு முகத்தில் அறைந்தது.

மெஷினுக்குள் காற்றைச் சுழற்றும் காற்றாடி நின்றுபோயிருக்கிறது. இருபத்துநாலு காற்றாடி சுற்றும் இடத்தில் ஒன்று நின்றால் காதுக்குத் தெரியாது. பதினேழாம் நாள் முட்டை. குஞ்சு உள்ளே முழுதாக இருக்கும், அதுவே சூடு விடும். 37.6 இருக்க வேண்டியது 41.8. மெஷினில் ஓர் அபாய மணி இருக்கிறது, மூன்று மாதமாக அடிக்கவில்லை. "ஃபைல் இருக்கு, ஆள் இருக்காங்க, மணி எதுக்கு" என்று மேனேஜர் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்.

நோட்டக்கா சுவரோடு சாய்ந்து நின்றார். "இப்பத்தான் பார்த்தேன், முப்பத்தேழு புள்ளி ஆறுதான் இருந்துச்சு. இப்பத்தான் பார்த்தேன்." இதையே ஐந்தாறு முறை சொன்னார்.

மார்ச் 18, புதன்

விசாரணை. மேனேஜர், நான், நோட்டக்கா. மேசையில் ஒரு பக்கம் அவருடைய நோட்டு, இன்னொரு பக்கம் என் ஃபைலின் அச்சுப்படி.

ஃபைல் சொல்கிறது: இரண்டு மணிக்கு 38.4. இரண்டு பத்துக்கு 39.3. இரண்டு இருபதுக்கு 40.5. இரண்டரைக்கு 41.7.

நோட்டு சொல்கிறது: இரண்டு மணி 37.6. இரண்டு பத்து 37.6. இரண்டு இருபது 37.6. இரண்டரை 37.6.

பார்க்காமலே ஒரே எண்ணை இறக்கி எழுதியிருக்கிறார். இதற்கு விசாரணையே அதிகம்.

"ஃபைல்ல தப்பு இருக்க வாய்ப்பு இருக்கா?" என்று மேனேஜர் என்னைக் கேட்டார்.

"ஒரு வரிகூட விட்டுப்போகாது சார். பத்து வினாடிக்கு ஒண்ணு. எண்ணிப் பாத்துக்கலாம்."

நோட்டக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் பார்த்துதான் எழுதினேன் மேடம்" என்றார். மேனேஜர் இருக்க என்னிடம் ஏன் சொன்னார் என்று தெரியவில்லை.

மார்ச் 19, வியாழன்

நோட்டக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கேட் காவலாளி ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் திரையைப் பார்ப்பதில்லை, ஜன்னலைப் பார்க்கிறார்.

மார்ச் 21, சனி

ஏழாம் நம்பர் பொரிந்தது. நாலாயிரத்து எண்ணூறில் ஆயிரத்துத் தொள்ளாயிரம். மீதியைத் தட்டோடு பின்கட்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் ஜன்னலை மூடிக்கொண்டேன். ஒரு சோம்பேறியால் எத்தனை உயிர்.

மார்ச் 23, திங்கள்

மேனேஜருக்குப் புது யோசனை. வேலைநீக்கக் கடிதத்தோடு வைக்க, நோட்டில் உள்ளதை நான் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஃபைலோடு பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஓர் அட்டவணை தர வேண்டுமாம். படித்த படிப்புக்கு இதுதான் வேலை, ஒருத்தர் இல்லாததை எழுதிய நோட்டை இன்னொருத்தர் டைப் அடிப்பது.

ஒன்பதாம் தேதியிலிருந்து ஆரம்பித்தேன். எழுத்து குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கிறது. பொய் எழுதுபவருக்குக்கூட எழுத்து இவ்வளவு அழகாக வருமா?

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அவர் எண்ணை மாற்றும்போது எல்லா மெஷினுக்கும் ஒரே நேரத்தில் மாற்றுகிறார். ஒன்று பத்துக்கு இருபத்துநாலும் மாறுகின்றன. பிறகு ஒன்று ஐம்பது வரை ஒன்றும் மாறவில்லை. ஒன்று ஐம்பதுக்கு மறுபடி இருபத்துநாலும். சோம்பேறி இப்படியா ஏமாற்றுவார்? அங்கொன்றும் இங்கொன்றுமாக அல்லவா மாற்றி வைப்பார்?

மார்ச் 24, செவ்வாய்

ஒரு வரிக்கு முப்பத்திரண்டு எழுத்து. மெஷினுக்கு ஒரு தட்டு, ஒரு தட்டில் 8192. வகுத்தால் 256 வரி. பத்து வினாடிக்கு ஒரு வரி. 2560 வினாடி.

நாற்பத்திரண்டு நிமிடம் நாற்பது வினாடி.

ஆறு மணிக்கு ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டே வந்தேன். ஒன்று ஆறு நாற்பதுக்கு ஒரு தட்டு நிரம்புகிறது. அடுத்தது ஒன்று நாற்பத்தொன்பது இருபதுக்கு. அடுத்தது இரண்டு முப்பத்திரண்டுக்கு. அதற்கு நடுவில் ஃபைலில் ஒரு எழுத்துகூட விழவில்லை. எல்லாம் என் தட்டில் உட்கார்ந்திருக்கிறது. காற்றாடி ஒன்று ஐம்பத்திரண்டுக்கு நின்றிருக்கிறது. அவர் இரண்டு மணிக்குத் திரையைப் பார்த்தால் ஒன்று நாற்பத்தொன்பதின் சூடு. இரண்டு இருபதுக்குப் பார்த்தாலும் ஒன்று நாற்பத்தொன்பதின் சூடு.

இரண்டு முப்பத்திரண்டுக்குத் தட்டு கொட்டியது. அந்த வினாடியில்தான் அவர் ஓடியிருக்கிறார்.

ஆனால் சாயங்காலம் ஃபைலைத் திறந்து பார்த்தால்? எல்லா வரியும் இருக்கிறது. எல்லா வரிக்கும் நேரம் இருக்கிறது. ஆனால் அது மெஷின் சூட்டைச் சொன்ன நேரம். டிஸ்க்கில் விழுந்த நேரம் எந்த வரியிலும் இல்லை. ஒரு வரிகூட விட்டுப்போகாது சார்.

ஈரப்பதத்தையும் ஒத்துப் பார்த்தேன். நோட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணும் ஃபைலின் 256ஆவது வரி, 512ஆவது வரி, 768ஆவது வரி... தசமம் மாறாமல். எல்லா நாளும். அந்த அம்மா ஒரு தடவைகூடப் பார்க்காமல் எழுதவில்லை. திரையில் இருந்ததை இருந்தபடி எழுதியிருக்கிறார். வந்து சொன்னார், ரெண்டு தடவை வந்து சொன்னாங்க. நான் என்ன சொன்னேன்? கண் டாக்டரைப் பாருங்க.

அவங்களுக்காக. எடுக்காதீங்க. அந்த 'அவங்க' யாருன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா போதும். தாழ்வாரத்தில் இருபது அடி நடந்திருந்தால் போதும்.

முப்பத்திரண்டு எழுத்து! என் ரூலர் போட்ட அழகு! ஒரு எழுத்து கூடவோ குறையவோ இருந்திருந்தால் தட்டு கொட்டும்போது கடைசி வரி பாதியில் வெட்டுப்பட்டு நின்றிருக்கும். முதல் நாளே எவனாவது பார்த்து என்ன இது என்று கேட்டிருப்பான். 8192ஐ 32 மீதியில்லாமல் வகுக்கும். அதனால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 25, புதன்

புரோகிராமைத் திருத்திவிட்டேன். பஃபர் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு வரி முடிந்ததும் தட்டு நிரம்பக் காத்திருக்காமல் உடனே வெளியே தள்ளும்படி ஒரு கட்டளை. ஒரே ஒரு வார்த்தை. டிஸ்க்கும் நறநறக்கவில்லை. இரண்டும் ஒன்றாக நடக்கும் என்று தெரிந்தும் அன்றைக்கு எழுதவில்லை. ஏனென்றால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

யாரிடமும் சொல்லாமல் திருத்தினேன். முன்னவரைப் பற்றி இந்த டைரியில் எவ்வளவு எழுதியிருக்கிறேன். அவர் மெதுவாக எழுதினார், அவ்வளவுதான். திருட்டுத்தனமாக எதையும் எழுதவில்லை.

வீட்டில் சொன்னேன். அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "நான் வண்டி ஓட்டுறப்ப பக்கக் கண்ணாடியில முக்கால் மணி நேரத்துக்கு முந்தின ரோட்டைக் காட்டியிருக்க" என்றார். "அப்புறம் ஏன் மோதினேன்னு என்னைக் கேட்டிருக்க."

டிக்கெட் மெஷினுக்கு மேல் ஒன்றும் தெரியாது என்று நான் எழுதிய மனிதர். ஒரே தடவையில் புரிந்துகொண்டார். எனக்கு இரண்டு வாரம் ஆனது.

மார்ச் 26, வியாழன்

மேனேஜரிடம் சொன்னேன். அவர் "ஆஹா" என்றார், முதல்முறையாக மெதுவாக. எழுந்து கதவைச் சாத்தினார்.

"இது நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றார். "நீங்கதான் திருத்திட்டீங்களே. அந்தம்மாவுக்கும் வயசாச்சு, இன்னிக்கில்லன்னா நாளைக்குப் போறவங்க. இதைக் கிளறினா மணி ஏன் அடிக்கலைங்கிற பேச்சும் வரும். உங்க ஆர்டர் மேசையிலதான் இருக்கு, திங்கக்கிழமை முதலாளி வர்றார். உங்களுக்கே நல்லதில்ல."

எவ்வளவு அக்கறை. பூசி மெழுகுவதற்கென்றே பிறந்த கை. எழுந்து வந்துவிட்டேன். ஆனால் வரும்போது முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேனா? இல்லை. "யோசிக்கிறேன் சார்" என்றேன். என்னிடம் யோசிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 28, சனி

நோட்டக்கா வீட்டைத் தேடிப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. அவர் என்னைத் திட்டினால் கொஞ்சம் லேசாக இருக்கும் என்று போயிருக்கலாம். அப்படியென்றால் அதுவும் எனக்காகத்தான்.

மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறையும் சமையலறையும். மகள் கதவைத் திறந்தாள். உள்ளே அவர் கட்டிலில் உட்கார்ந்து, கையில் செய்தித்தாளைக் கிட்டத்திலும் தூரத்திலும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் புதுக் கண்ணாடி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"நீங்க சொன்ன மாதிரியே டாக்டர்கிட்ட போயிட்டேன் மேடம். கண்ணுல ஒண்ணும் பெருசா இல்லங்கிறார். இருந்தாலும் கண்ணாடியை மாத்திட்டேன்."

அவரே தொடர்ந்தார். "கண்ணு இல்லன்னா புத்தியா இருக்கும். நாப்பத்தொண்ணை நான் எப்படி முப்பத்தேழுன்னு படிச்சேன்? அதுவும் நாலு தடவை. ஒரு தடவைன்னா தப்புன்னு விடலாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மக அடுப்பு பக்கம் விடமாட்டேங்கிறா. பாலை வச்சிட்டு மறந்துடுவேனாம். தெருவைக் கடக்கக் கையைப் பிடிச்சுக்கிறா."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு, 256, நாற்பத்திரண்டு நிமிடம். அவர் நோட்டில் எழுதியது ஒவ்வொன்றும் சரி என்று சொன்னேன். நான்தான் என்று சொன்னேன்.

திட்டவில்லை. செய்தித்தாளை நாலாக மடித்து வைத்தார். பிறகு கேட்டார்: "அப்ப நான் பார்த்தது சரிதானா?"

"சரிதான்கா."

"இதை என் மககிட்ட சொல்றீங்களா மேடம்? நான் சொன்னா நம்பமாட்டா."

சமையலறை வாசலில் நின்று அவர் மகளிடம் சொன்னேன். இரண்டாம் முறை சொல்லும்போது அழுதேன். அந்தப் பெண் எனக்குத் தண்ணீர் தரவில்லை. தந்திருந்தால்தான் ஆச்சரியம்.

மார்ச் 30, திங்கள்

முதலாளி மாதம் ஒருமுறை வருவார். அதிகம் பேசாதவர். மேனேஜர் என் ஆர்டரை அவர் முன்னால் வைத்துப் பேனா மூடியைத் திறந்து நீட்டினார். நான் அதன்மேல் நோட்டையும் ஃபைலின் அச்சுப்படியையும் வைத்தேன்.

256ஆவது வரியில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தேன். பிறகு 512. பிறகு 768. அவர் ஒரு விரலை நோட்டிலும் ஒரு விரலை அச்சுப்படியிலும் வைத்துக்கொண்டு கீழே இறங்கினார். மூன்றாவது பக்கத்தில் விரலை எடுத்தார்.

"யாரு மாத்தினது?"

"நான்."

"யாரு கேட்டா?"

"அறிக்கையை மாத்தச் சொன்னாங்க சார். இதை யாரும் கேக்கலை."

"அந்தம்மா சொல்லலையா?"

"ரெண்டு தடவை சொன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அதையும் சொன்னேன். வார்த்தை மாறாமல். மேனேஜர் கூரையைப் பார்த்தார். முதலாளி அபாய மணியைப் பற்றி அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார், அதற்கு ஆஹா வரவில்லை. பேனாவை மூடி மேனேஜரிடமே திருப்பிக் கொடுத்தார் முதலாளி. என் ஆர்டர் அந்தக் காகிதங்களுக்கு அடியில் கிடந்தது.

மார்ச் 31, செவ்வாய்

மூன்று மாதமாக வராத மெக்கானிக் ஒரே மணி நேரத்தில் வந்து மணியைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 2, வியாழன்

நோட்டக்காவைத் திரும்ப வேலைக்கு அழைக்க ஆள் போயிற்று. தவறு அவருடையதல்ல என்று முதலாளி கையெழுத்திட்ட கடிதம். கடிதத்தின் இன்னொரு பிரதியைக் கேட்டு வாங்கினாராம், மகளுக்கு.

எனக்கும் ஒரு கடிதம். நிரந்தரம் ஒரு வருஷம் தள்ளிவைப்பு. வேலையை விட்டே அனுப்புவார்கள் என்று நினைத்திருந்தேன். நோட்டக்கா மட்டும் அன்று வீட்டுக்குப் போனார், நான் போகவில்லை. இந்த நியாயத்தைப் பற்றி எழுதினால் என் பேனா எனக்கே சாதகமாக எழுதும். விடுகிறேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

ஏழாம் நம்பரில் புது முட்டை ஏற்றினார்கள்.

அழித்த குறிப்பைப் புரோகிராமில் திரும்ப எழுதினேன். "இந்த வரி அவங்களுக்காக. எடுக்காதீங்க." அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: "அவங்க என்பது தாழ்வாரக் கோடியில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர். சந்தேகம் இருந்தால் நடந்துபோய்ப் பார்க்கவும்." முன்னவர் அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். அந்தக் குறை அவருடையது, அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

ஏழாம் நம்பர் பொரிந்தது. நாலாயிரத்து நூற்றுச் சொச்சம். தாழ்வாரம் முழுக்கக் கீச்சுக் கீச்சு. மேனேஜர் ஆஹா என்றார்.

கண்காணிப்பு அறைக்குப் போனேன். நோட்டக்கா பழைய தடித்த கண்ணாடியைத்தான் போட்டிருந்தார். புதுசு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "பழசுலயே நல்லாத்தான் தெரியுது மேடம்" என்றார்.

அவர் திரும்ப வந்த நாளிலிருந்து நான் அந்த அறைக்குள் நுழைந்தால் ஒன்று செய்கிறார். முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு திரையில் கடைசி வரியின் நேரத்தை விரல் வைத்துப் படிப்பார். மறுபடி கடிகாரம். பிறகுதான் என் முகத்தைப் பார்ப்பார். வேறு யார் வந்தாலும் இப்படிச் செய்வதில்லை என்று காவலாளி சொன்னார்.

இன்றும் செய்தார். நான் வாசலிலேயே நின்றேன். "நேரம் சரியா இருக்கு மேடம்" என்றார்.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். நாளையும் போவேன்.